உஷார்! தூக்கம் விற்கும் டப்பாக்கள்

தூக்கத்துக்கு, டென்ஷனுக்கு, 'மூடு' சரியாக என்று காசு கொடுத்து வாங்கிய டப்பா ஏதாவது வீட்டில் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நிலா, நட்சத்திரம், தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும் பெண். பின்பக்கம், 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று ஒரு வரி. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று பொருள். நிறுவனம் பெருந்தன்மையாக அந்த வரியைப் போடவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள் போடச் சொல்கின்றன, அதனால் இருக்கிறது. தூக்கம் வராத கோளாறுக்கு என்று நீங்கள் வாங்கிய பொருள், கோளாறைத் தீர்க்க வந்ததல்ல என்று தன் முதுகிலேயே எழுதி வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது, ஏதாச்சும் குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கேட்கிறவர்கூட, "இது மருந்தே இல்லக்கா, சத்துதான். சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்று ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். மருந்தே இல்லை என்பது சட்டப்படி உண்மை. சைடு எஃபெக்ட்டே கிடையாது என்பது பச்சைப் பொய்.

மருந்து என்றால் கடைக்கு வருவதற்கு முன்பே வேலை செய்கிறதா, ஆபத்தில்லையா என்று நிரூபித்தாக வேண்டும். சத்து மாத்திரை, கேப்ஸ்யூல், ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் 'கம்மீஸ்' எல்லாம் உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. டப்பாவில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி "கவர்ன்மென்ட் அப்ரூவல் இருக்கு" என்பார்கள். உணவு தயாரிக்க, விற்க உரிமம் வாங்கியவர் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. உங்களுக்குத் தூக்கம் வரும் என்று அதில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை. அமெரிக்காவில் 1994-இல் வந்த ஒரு சட்டம் இந்த வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. அங்கே பழகிய மோஸ்தர்தான் இப்போது நம் ஊர் மருந்துக்கடை ஷெல்ஃபிலும் செல்போன் விளம்பரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று

மெலடோனின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி, இருட்டியதும் சுரக்கும் ஹார்மோன் அது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் மாட்டு மூளைகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆளை அடித்துச் சாய்க்கும் மயக்க மருந்து என்று இதைப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது செய்வதெல்லாம் 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்குத் தகவல் சொல்வதுதான். 0.3 மில்லிகிராம் கொடுத்தாலே ரத்தத்தில் இயல்பான இரவு நேர அளவு வந்துவிடுகிறது. டப்பாவில் 5, 10 மில்லிகிராம் என்று போட்டு விற்கிறார்கள்.

போட்டிருக்கும் அளவாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. 2023 ஏப்ரலில் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அமெரிக்கக் கடைகளின் 25 கம்மீஸ் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 22 தயாரிப்புகளில் லேபிளில் இருந்த அளவு தவறு. மெலடோனின் இருந்தவற்றில் உண்மையான அளவு, சொன்னதில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. மட்டும் இருந்தது. அதற்கு முன் 2017-இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது எட்டில், மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. லேபிளில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மெலடோனினாவது பரவாயில்லை, மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் செரடோனினும் உள்ளே போவது விளையாட்டு அல்ல.

கவனியுங்கள், இதே மெலடோனினை பிரிட்டனில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஒரு நாட்டில் மருந்து, இன்னொரு நாட்டில் மிட்டாய்!

மிட்டாய் என்றால் குழந்தை சும்மா இருக்குமா? 2012-இல் அமெரிக்காவின் நச்சு மையங்களுக்குக் குழந்தைகள் மெலடோனின் விழுங்கிய விவகாரமாக வந்த அழைப்புகள் 8,337. 2021-இல் அதுவே 52,563. அந்தப் பத்தாண்டுகளில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயினர். ஐந்து குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டி வந்தது. அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமே வெளியிட்ட கணக்கு இது. ஸ்ட்ராபெரி வாசனை, கரடிப் பொம்மை வடிவம், எட்டும் உயரத்தில் டப்பா. பேரப்பிள்ளை லீவுக்கு வரும் வீடுகளில் இதை உடனே இடம் மாற்றுங்கள். படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே.

முட்டையில் இருந்தபோது யாரும் சாகவில்லை

1989 அக்டோபர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சில நோயாளிகள், தாங்க முடியாத தசை வலியோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. வயிற்றுப் பூச்சித் தொல்லையும் இல்லை, வழக்கமான அலர்ஜியும் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோது எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது: டிரிப்டோஃபேன். தூக்கத்துக்காக, மனச்சோர்வுக்காக, மாதவிடாய்க்கு முந்தைய எரிச்சலுக்காகக் கடையில் வாங்கிய 'இயற்கையான' அமினோ அமிலம்.

நவம்பரிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தது. அதற்குள் நோய் நாடு முழுக்கப் பரவியாகிவிட்டது. 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு நரம்பும் தசையும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. விசாரணையில் பழி பெரும்பாலும் ஷோவா டென்கோ என்ற ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கில் போய் நின்றது. தயாரிப்புக்குப் பயன்படுத்திய பாக்டீரியா வகையை மாற்றியிருந்தார்கள். சுத்திகரிப்பில் கரித்தூள் அளவையும் குறைத்திருந்தார்கள். அந்தச் சரக்கில் மிக நுண்ணிய அளவில் அந்நியப் பொருள்கள் கலந்திருந்தன.

டிரிப்டோஃபேன் நமக்கு அந்நியமா? முட்டையில் இருக்கிறது, பாலில் இருக்கிறது, நாம் தினமும் வைக்கும் துவரம்பருப்பில் இருக்கிறது. காலம் காலமாகச் சாப்பிடுகிறோம். முட்டை தின்று இந்த நோய் வந்ததாக ஒருவர்கூடக் கிடையாது. சமையலறையில் சாதுவாக இருந்த பொருள், தொழிற்சாலையில் தனியாகப் பிரிக்கப்பட்டு, செறிவாக்கப்பட்டு, புட்டியில் அடைக்கப்பட்டபோது ஆளைக் கொன்றது. இந்தக் கதை நடந்து இத்தனை வருஷம் ஆகியும், தூக்கத்துக்கென்று விற்கும் கலவைகளில் டிரிப்டோஃபேனும் அதன் நெருங்கிய உறவான 5-எச்.டி.பி-யும் ஜாம்ஜாமென்று விற்பனையாகின்றன. அன்றைய சரக்கு போல இன்றையதும் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. எந்தப் புட்டியில் எந்த சுத்திகரிப்பு சரியாக நடந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்கிறேன்.

கேப்ஸ்யூலுக்கு பிரேக் இல்லை

உணவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதை நாம் பாதுகாப்பு என்றே நினைப்பதில்லை: வயிறு நிரம்பிவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 140 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது. எவ்வளவு ஆசைப்பட்டாலும் மூன்று களி உருண்டைக்கு மேல் இறங்காது. மெக்னீசியம் ஏறிப்போய் இதயம் தடுமாறும் அளவுக்குக் களி தின்ன யாராலும் முடியாது. மாத்திரையில் முடியும். அதுவும் கிட்னி பழுதானவர் என்றால், வெளியேற வழி இல்லாமல் மெக்னீசியம் ரத்தத்திலேயே தங்கும். தைராய்டு மாத்திரையோடும் சில ஆன்டிபயாடிக்குகளோடும் சேர்த்து விழுங்கினால், அவற்றையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காலையில் தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள், கூட வேறு என்ன விழுங்குகிறோம் என்று ஒரு தரம் யோசிக்கவும்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது பி6. நம் ஊரில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறார்கள் அல்லவா, அதில் இருக்கும். கை கால் மரத்துப்போனால், அசதி என்றால், தூக்கம் கெட்டால், எல்லாவற்றுக்கும் அதுதான். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். ஒரு வாழைப்பழத்தில் அரை மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும். ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை போட்டால், 100 வாழைப்பழத்துக்கு மேல் ஒரே வாயில் போட்டதற்குச் சமம். கொடுமை என்னவென்றால், அளவு மிஞ்சிய பி6 நரம்பையே கெடுக்கும். 1983-இலேயே, நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை விழுங்கிய ஏழு பேருக்கு நடையே தள்ளாடிப்போனதை அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அவ்வளவு பெரிய அளவில்தானே என்று அப்போது விட்டுவிட்டோம். ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 50 மில்லிகிராமுக்குக் குறைவான அளவிலும் நரம்பு பாதிப்பு வரக்கூடும் என்று எச்சரித்து, லேபிள் விதியை இறுக்கியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமுக்கு இறக்கியது.

இப்போது கூட்டிப் பாருங்கள். தூக்கத்துக்கான மெக்னீசியம் கலவையில் கொஞ்சம் பி6. முடி கொட்டுகிறதென்று வாங்கிய மல்டிவிட்டமினில் கொஞ்சம். தனியாக நரம்பு மாத்திரை. ஜிம்முக்குப் போகிற பையன் வைத்திருக்கும் பவுடரில் இன்னும் கொஞ்சம். கால் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்று போனால், "சத்துக் குறைவு" என்று சொல்லி இன்னொரு நரம்பு மாத்திரை!

வைட்டமின் டி-யும் இதே ரகம். 60,000 யூனிட் சாஷே என்பது, வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுப்பது. தினசரித் தேவை 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சொல்கிறது. ஆக, ஒரு சாஷே 100 நாள் கணக்கு. அதைத் தினமும் பாலில் கலந்து குடித்து, கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், புத்தித் தடுமாற்றம், கிட்னிப் பழுது என்று மருத்துவமனையில் சேர்ந்த இந்திய நோயாளிகளின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் "மறதி நோய் வந்துடுச்சு போல" என்று முடிவு கட்டுவதற்கு முன், அப்பா என்ன சாஷே குடிக்கிறார், எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்று பாருங்கள்.

நாட்டு மருந்துதானே என்று அசந்துவிடாதீர்கள்

அமுக்கரா நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் கிழங்கு. வடக்கே அஸ்வகந்தா. அமுக்கரா சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு என்று கூட்டுச் சரக்குகளும் உண்டு. நாடி பார்த்த மருத்துவர், இத்தனை நாள், இந்த அனுபானத்தில் என்று அளந்து கொடுத்தார். இன்று டப்பாவில் வருவது அந்தச் சூரணம் அல்ல. வேரிலிருந்து, சில தயாரிப்புகளில் இலையிலிருந்தும் வேதிமுறையில் பிரித்துச் செறிவாக்கிய சாறு. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் சின்னச் சின்ன ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டியிருக்கின்றன. அதை மறுக்கவில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி 2020-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2023-இல் இந்திய மருத்துவமனைகளிலிருந்தே கல்லீரல் பாதிப்புப் பட்டியல் வெளிவந்தது. அதே ஆண்டு டென்மார்க் அரசு அஸ்வகந்தாவைத் தடை செய்தது. தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடவும் கூடும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டவரோ தினம் குடிக்கிறவரோ தூக்கம் வரவில்லையென்று இதை வாங்கினால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

கண்ணின் வெள்ளை மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், உடம்பெல்லாம் அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். "கீழாநெல்லி குடிச்சுப் பார்க்கலாம்" என்று ஒரு வாரம் கடத்தாதீர்கள்.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 5-எச்.டி.பி., டிரிப்டோஃபேன், 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மேல்நாட்டு மூலிகை, இந்த மூன்றில் எது சேர்ந்தாலும் உடம்பில் செரடோனின் எல்லை மீறிப் போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் என்று சில மணி நேரத்தில் ஆளைத் தூக்கிப் போடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இன்னொரு வேலையும் செய்யும்: கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்று நோயாளிகள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். மாற்றுக் கிட்னியை உடம்பு நிராகரிக்கும் அளவுக்குப் போகும். 'இயற்கை', 'ஹெர்பல்' என்ற சொற்கள் இங்கே எந்தக் காவலும் தராது. அதேபோல, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மனநல மருத்துவர் தந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். அது வேறு, டப்பா வேறு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பா, சாஷே, சூரணம் என்று ஒன்று விடாமல் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்ற கேள்விக்கு நம் ஆட்கள் "இல்ல சார்" என்றுதான் சொல்வார்கள். சத்து மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லையே!

சரி, ஆபத்தைத் தாண்டி, பலனாவது உண்டா?

ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், உடல் எடை கூடி, மனச்சோர்வின் அறிகுறிகள் லேசாகத் தென்பட்ட 1,025 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் கலந்த சத்து மாத்திரை ஒரு வருடம். 2019-இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக வரவில்லை. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 18,353 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள்; மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அவர்களிடமே மீன் எண்ணெய் கேப்ஸ்யூலையும் சோதித்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு சற்றே கூடுதலாக இருந்தது. இதைக் கேப்ஸ்யூல் விளம்பரத்தில் போடுவார்களா?

இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு நோயாளிகள் 67 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் சாப்பாட்டை மாற்றினார்கள்: முழுத்தானியம், பயறு, காய், பழம், மீன், கொட்டை, ஆலிவ் எண்ணெய். மறு பாதிக்குப் பேச்சுத்துணை. சாப்பாடு மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். மற்றவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் உணவுப் பழக்கத்தை மாற்றக் கொடுத்த பயிற்சியும் ஒட்டுமொத்தமாகப் பெரிதாக ஜெயிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே கம்பங்கூழ் குடித்தால் மனநோய் தீரும் என்று நான் எழுதினதாக யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். தட்டில் பந்தயம் கட்டினால் தோற்றாலும் நஷ்டம் இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டதாக இருக்கும்.

அதற்காகச் சாப்பாட்டையே மாத்திரை மாதிரி பார்க்கும் கூத்து வேறு ஓடுகிறது. 'வாழைப்பழத்தில் மெலடோனின், படுக்கப் போகுமுன் இரண்டு', 'பாலில் டிரிப்டோஃபேன், ஒரு டம்ளரில் கும்பகர்ணத் தூக்கம்' என்று யூடியூபில் அடித்து விடுகிறார்கள். ஒரு டம்ளர் பாலில் இருக்கும் டிரிப்டோஃபேன் சொற்பம். அதுவும் கூட வரும் மற்ற அமினோ அமிலங்களோடு முட்டி மோதித்தான் மூளைக்குள் போக வேண்டும். சூடான பால் இதமாக இருக்கிறது, பழக்கம் தூக்கத்தைக் கூப்பிடுகிறது, அவ்வளவே. குடியுங்கள், கணக்குப் போடாதீர்கள்.

ஜாதிக்காய் விஷயத்தில் மட்டும் கட்டாயம் உஷார். பாலில் ஒரு சிட்டிகை என்பது பாட்டி அளவு. "ஒரு சிட்டிகையில தூக்கம் வரல" என்று ஸ்பூன் கணக்கில் போட்டால், 5 கிராம் அளவிலேயே, அதாவது ஏறக்குறைய ஒரு முழுக் காய் அளவிலேயே, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இல்லாதது தெரியும் மனப்பிரமை எல்லாம் வரும். கைக்குழந்தை தூங்கட்டும் என்று ஜாதிக்காயை உரைத்து ஊற்றுவதை இனியாவது விடுங்கள். கசகசாப் பால் குடித்துப் பழகியவர்கள், மகனைப் பார்க்கத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது ஒரு பொட்டலம் கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஏர்போர்ட்டிலேயே பிடித்து வைப்பார்கள்.

ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு, பதினொன்றரைக்கு மெக்னீசியம் விழுங்குகிறவரை எந்தக் கம்பெனியாலும் தூங்க வைக்க முடியாது. காப்பி இன்னும் மோசம். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். 400 மில்லிகிராம் காஃபீனைப் படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு கொடுத்தாலே, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் வந்த ஆய்வு சொல்கிறது. சாயங்காலம் ஆறு மணி ஃபில்டர் காப்பியை மூன்று மணிக்குக் கொண்டுவாருங்கள். செலவில்லாத வைத்தியம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, பச்சைப்பயறு, கீரை, கேழ்வரகு, கொஞ்சம் நிலக்கடலை, வாரத்துக்கு இரண்டு நாள் மத்தியோ அயிலையோ என்று வைத்துக்கொண்டால் மெக்னீசியமும் ஒமேகா-3-யும் தானாக வரும். விலை குறைந்த மீன்தான் மத்தி. கேப்ஸ்யூல் டப்பா விலைக்கு எத்தனை கிலோ வரும் என்று சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை

எல்லாமே சாப்பாட்டில் கிடைத்துவிடும் என்று பிடிவாதம் பிடிப்பதும் ஆபத்து. பி12 செடி உணவில் நம்பகமாகக் கிடைப்பதில்லை. முட்டை, பால்கூடத் தொடாத சைவர்கள், வயதானவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குக் குறையும். குறைந்தால் கால் மரத்துப்போவதோடு மறதியும் மனச்சோர்வும் வரும். அதை இட்லி மாவைப் புளிக்க வைத்துச் சரிக்கட்ட முடியாது. ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையோ ஊசியோ போடத்தான் வேண்டும்.

இரும்புச்சத்தும் அப்படியே. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படுத்ததும் காலில் ஏதோ ஊர்கிறது, குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தேவலாம் என்று நம் அம்மாக்களும் அக்காக்களும் சொல்வார்களே, அந்தக் கால் குடைச்சலுக்குப் பின்னால் பல நேரம் இரும்புக் குறைவு ஒளிந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது மெலடோனின் அல்ல. ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் இரும்பு மாத்திரை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், உணவிலிருக்கும் இரும்பை அது சேரவிடாது. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

டப்பாக்கள் செய்யும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. அவை நாளைக் கடத்தும். ஒரு பிராண்டு ஒரு மாதம், பலன் இல்லை. இன்னொரு பிராண்டு இரண்டு மாதம், "கொஞ்சம் பரவாயில்ல மாதிரி இருக்கு". அதற்குள் உள்ளே இருக்கும் நோய் வளர்ந்துவிடும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவது எல்லாம் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அடையாளம். வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் இன்றே பார்க்க வேண்டும். எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, தூக்கம் போனால் தைராய்டைப் பாருங்கள். விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்து, எதிலும் நாட்டமில்லாமல், பசியும் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை, மாத்திரை இல்லாத பேச்சு மற்றும் பழக்கப் பயிற்சி என்று 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்' என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் சொன்னது. அடுத்த ஆண்டே அந்த நாட்டின் தூக்க மருத்துவ அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனின், டிரிப்டோஃபேன், வலேரியன் மூன்றும் வேண்டாம் என்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூக்கம் போய், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு வீட்டில் யாருக்காவது எட்டிப் பார்த்தால் ஒரு டப்பாவும் வேண்டாம், ஒரு நாளும் தாமதம் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.